நாலு குதிரை

எம்மே ஆற்றுப் பாலத்தில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது,
ரெட்டோ ட்ஸ்பிண்டன் வருகிறார்.
மேசையில் என் தேநீர் நடுங்கியது.
பூர்க்டோர்ஃப், நவம்பர், காலை ஏழரை.
எதிர்வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டது,
போட்டிக்கு ஆளில்லை என்பதுபோல.

ஆகஸ்டில் இதே காருக்கு அடக்கமான தொண்டை.
இடையில் லாங்நாவில் ஒரு மச்சானின் கொட்டகையில்
கன்வர்ட்டர்கள் இரண்டையும் அறுத்தெடுத்து
வெறும் குழாய் வைத்து ஒட்டியாயிற்று.
"இப்பத்தான் மூச்சு விடுது, நிரோஷி. நீயே அளந்து பார்."

அளப்பதுதான் என் வேலை.
உருளைகளின் மேல் ஏற்றி
நாலு பட்டியால் இறுக்கிக் கட்டினேன்.
இருநூற்றுப் பத்தில் பறக்கிறது கார்,
ஓர் அங்குலம் நகராமல்.
முன்கண்ணாடிக்கு எதிரே
தீயணைப்புப் படையின் நாட்காட்டி,
அதே பக்கம், அதே ஏணி.

முன்பு முந்நூற்று முப்பத்தெட்டு.
இன்று முந்நூற்று நாற்பத்திரண்டு.
"நாலு!" என்று விரல்களை விரித்துக் காட்டினார்,
ஒரே பிரசவத்தில் நாலு பிள்ளை பிறந்தவர்போல.
அச்செடுத்த தாளை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் ஓட்டத்தில் முந்நூற்று முப்பத்தொன்பது வந்தது.
மூன்றாவதில் நாற்பது.
அந்தத் தாள்களை அவர் கேட்கவில்லை.

ஆகஸ்டில் கொட்டகைக்குள் முப்பது பாகை, இன்று மூன்று.
குளிர்ந்த காற்று கனத்த காற்று;
ஒரு மிடறில் அதிகம் உள்ளே போகும்.
இயந்திரம் அதைக் கணக்கில் கழிக்கும்,
கறாரான கடைக்காரன்போல அல்ல,
தெரிந்தவனுக்குக் கழிப்பதுபோல.

கோட்டின் உச்சியை மட்டும் பார்த்தார் ரெட்டோ.
கீழே, மூவாயிரம் சுற்றில்,
முன்பு இல்லாத ஒரு பள்ளம்.
அவர் வீட்டுக்குப் போகும் மேட்டுப்பாதை
அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கிறது:
பள்ளிக்கூடம், பால்வண்டி, ஐம்பதைத் தாண்டாத பலகை.
டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கின்மேல்
கறுப்பு டேப் ஒட்டியிருந்தார்.
ஓரத்தில் கசிந்தது வெளிச்சம்.

அறுத்த பெட்டிகள் டிக்கியில்,
பழைய குளியல் துண்டு சுற்றி.
ஒன்றைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே தேனடை.
ஒரு சதுர அங்குலத்தில் நானூறு அறை,
தேன் மட்டும் இல்லை.
கொதிக்கும் நஞ்சு இந்தப் பக்கம் நுழைந்து
அந்தப் பக்கம் வெறும் ஆவியாய்ப் போயிருக்கிறது,
வருஷக்கணக்காய்.
சுழலவில்லை, சத்தமில்லை,
தன்னில் ஒரு துளி செலவழித்ததுமில்லை.

"சும்மா கிடந்த சாமான்," என்றார் அவர்.
நான் பேசவில்லை.
போன மாதம் முதலாளி கேட்டார்,
அலுவலகத்து ஃப்ரேனியை நிறுத்திவிட்டால்
மாதம் எவ்வளவு மிச்சம் என்று.
கூட்டிச் சொன்னது நான்.

சோதனைக்குக் கடிதம் வரும்போது
திரும்பப் பூட்டிக்கொள்வாராம்,
பிறகு கழற்றுவாராம்.
காசு எண்ணித் தந்தார்.
வாசலில் நின்றபடியே இரண்டுமுறை முறுக்கினார்.
எனக்குக் கண் எரிந்தது,
வயிற்றில் ஏதோ கிண்ணென்றது.
பொய் சொல்ல மாட்டேன், அந்தச் சத்தம் நன்றாயிருந்தது.
நெடுஞ்சாலை வரை கேட்டது அவருடைய வேகம்.
கார் மட்டும் சந்தி விளக்கில்
ஒரு டிராக்டருக்குப் பின்னால் நின்றது.

ஃப்ரேனி வந்து ஜன்னலைத் திறந்தாள்,
ஸ்கார்ஃபால் மூக்கை மூடிக்கொண்டு.
"என்னதான் கூடிச்சு?"

நாலு விரலை நீட்டினேன்.
குளிருக்கு ஒன்றை மடக்கினேன்.
உருளையின் கைப்பிசகுக்கு ஒன்று.
அவர் பார்க்காத தாள்களுக்கு ஒன்று.
மிஞ்சிய ஒற்றை விரல் நின்றது.
அது அவருடையதாகவே இருக்கலாம்.

ஃப்ரேனி பில் புத்தகத்தோடு காத்திருந்தாள்.
மடக்குவதா என்று தெரியாமல்
அந்த விரலாலேயே
நாட்காட்டியை டிசம்பருக்குத் திருப்பினேன்.